டீக்கம் கெலோட்டின் வலது காது

ஜோத்பூரில் மேடை ஏறுகிற யாரைக் கேட்டாலும் டீக்கம் கெலோட்டைத் தெரியும் என்பார்கள். மேடை ஏறாதவர்களுக்கு அவனைத் தெரிய நியாயமில்லை. மைக் செட் போடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? எல்லாம் நன்றாகக் கேட்டால் பாடியவருக்குக் கைதட்டிவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு தடவை மைக் கூவினால் போதும், முந்நூறு தலை ஒன்றாகத் திரும்பி அவனைத் தேடும். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படித் தலைகள் திரும்பிய நாட்களை அவன் ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடுவான்.

அவனுடைய காது அப்படி. கல்யாண ஊர்வலம், டவுன் ஹால் நாடகம், ராம்லீலா, கவ்வாலி, கோட்டைக்குக் கீழே வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் கச்சேரி, எதுவானாலும் அவன் முதலில் செய்வது மேடை நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுவதுதான். அந்தச் சத்தம் எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பெட்டிகளை இறக்கச் சொல்வான். கமாய்ச்சா வாசிப்பவர்கள் அவனிடம் கொஞ்சம் பயப்படுவார்கள். ஆட்டுத்தோல் போர்த்திய அந்த வில் வாத்தியம், காற்றில் துளி ஈரம் ஏறினாலும் தொய்ந்துபோகும். வாசிப்பவருக்கு உறைக்கும் முன்பே பின்னாலிருந்து டீக்கமின் குரல் வரும்: "கான் சாப், தோல் சோர்ந்துபோச்சு. கொஞ்சம் அடுப்புப் பக்கம் காட்டிட்டு வாங்க."

அந்தக் காதுதான் மே மாதம் அடைத்துக்கொண்டது.

மண்டோர் சாலையில் ஒரு கல்யாணம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து வந்தது. மணல்காற்று பந்தலைப் பிய்த்துக்கொண்டு போக, விருந்தாளிகள் கார்களுக்குள் ஓடினார்கள். டீக்கம் மட்டும் மிக்சர் மேல் தார்ப்பாயைப் போட்டு, தார்ப்பாய் மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டான். அரை மணி கழித்து எழுந்தபோது மூக்கு, வாய், சட்டைப் பை எல்லாம் மணல். மிக்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. குளித்தால் போய்விடும் என்று விட்டுவிட்டான். போகவில்லை.

யாரிடமும் சொல்லாமல் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டான். கடுகெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக நாலு சொட்டு. பலிக்கவில்லை என்றதும் எட்டுச் சொட்டு. அப்புறம் பஞ்சு சுற்றிய குச்சி. ஜூலை பிறந்தபோது அந்தக் காது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதோடும் நிற்கவில்லை. இடது காதில் சன்னமாக ஒரு ரீங்காரம் கிளம்பியது, சுவருக்கு அப்பால் யாரோ ஓயாமல் கத்தி சாணை பிடிக்கிற மாதிரி.

டீக்கம் தனக்குத்தானே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான். நாற்பத்து நாலு வயது. பாதி ஆயுள் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாகிவிட்டது. காது போகிறது, வலது முதலில், இடது அடுத்து. டாக்டரிடம் போனால் அவர் அதையே வாயால் சொல்லுவார். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அதனால் போகவில்லை.

மறைப்பதில் கெட்டிக்காரனாகிப் போனான். யார் பேச வந்தாலும் இடது பக்கம் வருகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிக்கொள்வான். மிக்சரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏறி இறங்கும் விளக்குகளைப் பார்த்தே வேலையை ஓட்டினான். டவுன் ஹாலில் எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். கை வேலை செய்தது. யாராவது ஏதாவது கேட்டால், "இரு, இரு, வேலையா இருக்கேன்" என்று நெற்றியைச் சுளித்துக் காட்டினால் விலகிப் போய்விடுவார்கள். வேலையில் மூழ்கினவன் என்று பெயர் வேறு.

வீட்டில்தான் அது செல்லவில்லை. மனைவி சோஹனி கல்யாணப் பெண்களுக்குப் போஷாக் என்கிற ஜரிகை உடுப்புத் தைப்பவள். நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் அவன் நடமாடும்போது நாலு வார்த்தை பேசுவது அவள் வழக்கம். ஜரிகைக்காரன் ஏமாற்றியது, பெண் ரிங்கு பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டது, தக்காளி அழுகியது. முன்பெல்லாம் அவன் ம் கொட்டிக்கொண்டே கேட்பான். இப்போது பேசாமல் கடந்து போனான். இரண்டு மூன்று தடவை அவள் மெஷினை நிறுத்திவிட்டு அவன் முதுகைப் பார்த்தாள். ஆகஸ்டு முடிவதற்குள் அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், போய்விடுவாள். தனக்குக் கேட்கவில்லையா, அவள்தான் பேசவில்லையா என்று அவனுக்கே தெரியாமல் போயிற்று.

செப்டம்பரில் டவுன் ஹாலில் ஒரு நாடக ஒத்திகை. ரஜ்னி போஹ்ரா என்ற பெண் இயக்கம். வாயைத் திறந்தால் மூடாத, ஆனால் வேலை தெரிந்த பெண். ராஜா வேஷக்காரன் நீளமாக வசனம் பேசிக்கொண்டிருந்தான். டீக்கம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று மேடையில் இருந்த எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரஜ்னி வாயைத் திறந்து என்னவோ கத்தினாள். நாடகத்தில் இப்படி ஒரு கட்டம் உண்டா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து மூன்றாவது குமிழைச் சட்டென்று கீழே இறக்கியது.

திரும்பிப் பார்த்தான். லியாகத்.

ரஜ்னி வாடகைக்குக் கேட்டிருந்த மைக் ஸ்டாண்டுகளைக் கொடுக்க வந்தவன். குமிழை இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஸ்டாண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜோத்பூரில் வேறு எவன் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் ஒரே ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு சேர்ந்து தொழில் தொடங்கியவர்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சோஜத்தி கேட் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் லியாகத், "டீக்கம் கையில குடுத்தா பாடகியும் ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிதான் இருப்பா" என்றான். டீக்கம், "நீ போட்டா பொணம்கூட எழுந்து ஓடிடும்" என்றான். அன்றைக்குப் பிரிந்தவர்கள்தான். அதற்கப்புறம் ஒரே பந்தலில் நின்றாலும் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள்.

இப்போது அவன் கையில் இந்த ரகசியம். நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று டீக்கம் காத்திருந்தான். ஒரு வாரம் போயிற்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது தனக்குக் காதில் விழவில்லையோ என்றும் ஒரு சந்தேகம்.

அந்த நிலையில்தான் லாடு பாயிடமிருந்து அழைப்பு வந்தது.

மாண்ட் என்கிற ராஜஸ்தானி நாட்டுப்பாட்டில் அந்தப் பாடகிக்கு மேல் ஊரில் ஆளில்லை. வயது ஐம்பத்தைந்து. இரண்டு வருஷமாக முழங்கால் வலி என்று கல்யாணக் கச்சேரிகளையெல்லாம் விட்டுவிட்டவர். சூர்சாகர் பக்கம் கைவிட்டுப்போன ஒரு கல்குவாரியை மேடையாக்கி, அக்டோபரில் விடியற்காலைக் கச்சேரி ஒன்று வைக்கிறார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டிருந்தார். சூரியன் எழும்போது பாட வேண்டும்.

"டீக்கம் வந்தாத்தான் நான் வருவேன்னு சொல்லிட்டேன்" என்றார் போனில். நல்ல வேளையாக இடது காது. "மைக்குக்கு முன்னால பாடறதா நான் நினைக்கிறதே இல்ல. உன் காதுக்குத்தான் பாடறேன். வந்துடு."

"வர்றேன் ஜீஜி" என்றான். ஊரே அவரை அப்படித்தான், அக்கா என்று, கூப்பிடும்.

கச்சேரிக்கு நாலு நாள் முன்னாலிருந்தே அவன் குவாரிக்குத் தனியாகப் போய் வந்தான். மூன்று பக்கமும் வெட்டிய சிவப்புக் கல், ஒரு தென்னை மர உயரம் இருக்கும். நடுவில் சமதரை. காதை நம்ப முடியாததால் காலை நம்பினான். கைதட்டிவிட்டு, எங்கே நின்றால் நெஞ்சில் அதிர்கிறது, எங்கே நின்றால் இல்லை என்று அடி அடியாக நடந்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டான். விடியும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வெயில் ஏற ஏற எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூன்று நாள் காலையில் போய் நின்று பார்த்தான். இவ்வளவு பாடுபட்டு அவன் எந்த மேடையையும் படித்ததில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. அந்தம்மாள் மேல் ஸ்தாயியில் ஒரு இழையை நீட்டி நிறுத்துவார். அங்கே மைக் கூவினால் விளக்கு காட்டாது. காதுதான் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. லாடு பாய் கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கமாய்ச்சாவோடு ஈசப் கான், அந்தப் பக்கம் டோலக்கும் ஹார்மோனியமும். இரண்டு பாட்டு பாடினார். நடு நடுவே, "குரலைக் கொஞ்சம் குறை", "கமாய்ச்சா எனக்கே கேக்கல" என்று சொன்னார். மைக்கில் சொன்னதால் டீக்கமுக்குக் கேட்டது. சரிசெய்தான். மைக்கை விட்டு விலகிச் சொன்ன ஒன்றுக்கு அவன் திரும்பவே இல்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் நிறுத்திவிட்டு, "இந்த ஸ்டாண்டு ஆடுது, வந்து பாரு" என்றார்.

வந்தான். அவர் முன்னால் மண்டியிட்டு ஸ்டாண்டின் திருகை முறுக்கினான். வலது காது அவர் பக்கம் இருந்தது.

லாடு பாய் மைக்கை விட்டு விலகி, தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னார்: "டீக்கம், அசையாதே. உன் கால்கிட்ட ஒரு தேள் வந்துக்கிட்டிருக்கு."

டோலக்குக்காரன் டோலக்கைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஹார்மோனியக்காரர் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். ஈசப் கான் கமாய்ச்சாவைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். டீக்கம் திருகை நிதானமாக இரண்டு சுற்று முறுக்கினான். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு? எங்க கெளம்பிட்டீங்க?" என்றான்.

லாடு பாய், "தேளும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி படியேறிப் போனார்கள்.

அப்புறம் அவர் வலிக்கிற முழங்காலைக் கையால் தூக்கி வைத்து நகர்ந்து, அவனுடைய இடது பக்கமாக வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

டீக்கம் திருகையே பார்த்துக்கொண்டிருந்தான். "மே மாசத்துலேருந்து."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல."

"சோஹனிகிட்ட?"

இல்லை என்று தலையை ஆட்டினான். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினான். "வலது சுத்தமா போச்சு ஜீஜி. இடதும் போயிட்டிருக்கு. உள்ள சாணை பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம், நிக்கவே மாட்டேங்குது. நாளைக்கு உங்க மானத்தை வாங்கிடுவேனோன்னு நாலு நாளா சாப்பாடு எறங்கல. உங்ககிட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல."

லாடு பாய் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஆறுதலாக இல்லை, நன்றாகவே வலித்தது. "முட்டாளா நீ? எனக்கு முழங்கால் போனப்ப ஊர் பூரா சொல்லி அழுதேன். ஒருத்தன் எண்ணெய் குடுத்தான், ஒருத்தன் பத்துப் போட்டான், ஒருத்தன் திட்டினான். நீ மட்டும் உன் காதைக் கஞ்சா மூட்டை மாதிரி ஒளிச்சு வச்சிருக்க."

டீக்கமுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டான்.

"சரி. நாளைக்கு என்ன செய்யலாம்? அதைச் சொல்லு" என்றார்.

அவனுக்குப் பதில் தெரிந்தே இருந்தது. நாலு நாளாகத் தெரியும். வாயால் சொல்லத்தான் கஷ்டம். "இந்த ஊர்ல உங்க மேல் ஸ்தாயியை நம்பி ஒப்படைக்கக் கூடிய காது இன்னொண்ணுதான் இருக்கு."

"லியாகத்தா?"

"ம்."

"நான் கூப்பிடட்டுமா, நீ கூப்பிடறியா?"

டீக்கம் போனை எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

லியாகத் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். ஸ்கூட்டரை மேலே நிறுத்திவிட்டு, கையில் மிர்ச்சி வடை பொட்டலத்தோடு இறங்கி வந்தான். பதினொரு வருஷம் கழித்து வெறுங்கையோடு வருவது எப்படி என்று வழியில் வாங்கியிருப்பான் போலிருக்கிறது. பொட்டலத்தை மிக்சர் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றான்.

"டவுன் ஹால்லயே தெரிஞ்சுதா உனக்கு?" என்று டீக்கம் கேட்டான்.

"அதுக்கு முன்னாலயே. ஜூலையில ஒரு கல்யாணத்துல உன் பின்னால நின்னு ஹார்ன் அடிச்சேன், நகரவே இல்ல. திமிருன்னு நினைச்சேன். டவுன் ஹால்லதான் திமிரு இல்லன்னு புரிஞ்சுது."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

லியாகத் தரையைப் பார்த்தான். "சொல்லி என்ன? நாளைக்கு எனக்கும் இதே காதுதானே. நானும் அதே ஸ்பீக்கர் பக்கத்துலதான் நிக்கறேன்." அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தான். "ஆறிடும், சாப்பிடு. நீயா கூப்பிடுவேன்னுதான் இருந்தேன். கூப்பிட இவ்வளவு நாளாச்சு, அதான் கடுப்பு."

மூன்று பேருமாக வடையைத் தின்றார்கள். பச்சை மிளகாயின் காரம் டீக்கமுக்கு உச்சி வரை ஏறியது. நாலு நாளில் அவன் ருசி தெரிந்து சாப்பிட்டது அதுதான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே சனம் வந்து படிகளில் உட்கார்ந்துவிட்டது. குளிருக்குச் சால்வையும் கம்பளியும் போர்த்தியிருந்தார்கள். மிக்சர் பின்னால் இரண்டு நாற்காலி. லியாகத் இடது பக்கம், டீக்கம் வலது பக்கம், அவன் நல்ல காது லியாகத் பக்கம் இருக்கும்படி. டீக்கமின் நோட்டு நடுவில் திறந்து கிடந்தது.

"இந்த வரியை என்ன எழுதியிருக்க? கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று லியாகத் முணுமுணுத்தான்.

"அந்த மேற்குச் சுவர்ல வெயில் பட்டதும் காத்து திரும்பும். அப்ப அடிக்குரல் எல்லாம் இந்த மூலையில குமிஞ்சுடும். குறைக்கணும்."

"எவ்வளவு?"

"முதல்ல ரெண்டு கோடு. அப்புறம் நீ கேட்டுச் சொல்லு."

வானம் சாம்பல் நிறத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியதும் லாடு பாய் வாயைத் திறந்தார். முதல் இழையே கல்லில் ஏறிப் போய் மேலே நின்றது. டீக்கமுக்கு அது பாதிதான் கேட்டது. மீதியை எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் பார்த்தான். முன் வரிசையில் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது டீக்கமின் கை தானாக இறுகியது. லியாகத்தின் விரல் ஒரு குமிழை மயிரிழை இறக்கியது. கூவவில்லை. லியாகத் அவன் பக்கம் திரும்பாமலே தலையை அசைத்தான்: சரியாக இருக்கிறது.

அந்தத் தலையசைப்பில் டீக்கமின் தோள் கீழே இறங்கியது. மே மாதத்துக்குப் பிறகு அவன் விளக்குகளைப் பார்க்காமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

வெயில் மேற்குச் சுவரைத் தொட்டபோது காற்று, நோட்டில் எழுதியிருந்தபடியே திரும்பியது. "இப்ப" என்றான் டீக்கம். லியாகத் இரண்டு கோடு இறக்கினான், காதைச் சாய்த்துக் கேட்டான், இன்னும் அரைக் கோடு இறக்கினான். மேடையில் லாடு பாய் பாடிக்கொண்டே கையால் ஒரு சைகை காட்டினார், நன்றாக இருக்கிறது என்று. யாருக்குக் காட்டினார் என்று இரண்டு பேரும் அப்புறம் வெகு நேரம் வாதாடினார்கள்.

வீட்டுக்குப் போனபோது மணி பத்து. சோஹனி மெஷினில் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முன்பே லாடு பாயின் போன் வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அவள் எழுந்து வந்து அவனுடைய இடது பக்கமாக நின்றாள். அந்த ஒரு அடியிலேயே அவனுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றாள். "என் பேச்சு அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன். வேற யார் பேச்சோ இனிக்குதுன்னு நினைச்சேன். மூணு மாசமா இந்த மெஷின்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்."

"சோஹனி..."

"ரிங்குகிட்ட சொல்லி அழுதேன். அவ, அப்பா என்கிட்டயும் பேசறதில்லம்மான்னு சொன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து உங்களைத் திட்டினோம். செவிடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பேனே."

ஊரிலேயே தன் புருஷனுக்குக் காது போனதைக் கேட்டு நிம்மதிப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவன் அதைச் சொல்லிக் காட்டியதும் அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில டாக்டர். ஜீஜி பேர் சொல்லியிருக்காங்க. வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, பாருங்க" என்றாள்.

டாக்டர் சிங்வி மெலிந்த, பொறுமையில்லாத அம்மாள். விளக்கு வைத்த கருவியை டீக்கமின் வலது காதில் வைத்துப் பார்த்தார். கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன போட்டீங்க இதுல?"

"கடுகெண்ணெய். பூண்டு போட்டு."

"எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்... மூணு மாசம்."

"அதுக்கு முன்னால மணல்ல படுத்து உருண்டீங்களா?"

டீக்கம் கல்யாணத்தன்று நடந்ததைச் சொன்னான். அந்தம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மணல், அழுக்கு, எண்ணெய், பூண்டு. எல்லாத்தையும் குச்சியால உள்ள தள்ளித் தள்ளிக் கெட்டியாக்கியிருக்கீங்க. வீடு கட்டறவன்கூட இப்படிப் பூசமாட்டான். நாலு நாள் இந்தச் சொட்டு மருந்து. அஞ்சாம் நாள் வாங்க, கழுவி எடுத்துடலாம்."

டீக்கமுக்குப் புரியவில்லை. புரிந்தது, நம்ப முடியவில்லை. "அப்ப காது போகலையா?"

"அடைச்சிருக்கு. போச்சா இருக்கான்னு அடைப்பை எடுத்தாத்தான் சொல்லமுடியும்."

அந்த நாலு நாள் அவன் வாழ்க்கையில் நீளமானவை. சோஹனி வேளை தவறாமல் அவன் தலையை மடியில் சாய்த்து மருந்து விட்டாள். விட்டுக்கொண்டே பேசினாள். மூன்று மாதத்துப் பேச்சு பாக்கியிருந்தது. ஜரிகைக்காரன் மேல் அவளுக்கு இருந்த கோபம் முழுக்கத் தெரியவந்தது.

ஐந்தாம் நாள் டாக்டர் வெந்நீரைப் பீய்ச்சினார். காதுக்குள் ஆற்று வெள்ளம் போல இரைந்தது. தலை சுற்றியது. இரண்டாவது தடவை பீய்ச்சியபோது பேரீச்சங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று தட்டில் வந்து விழுந்தது.

அது தட்டில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. வலது காதில்.

அடுத்தபடி மின்விசிறியின் கிரீச். வெளியே ஒரு நர்ஸ் செருப்பை இழுத்து நடப்பது. சோஹனி மூச்சு விடுவது. ஒவ்வொன்றும் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி தனித்தனியாக இருந்தது. அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"கேக்குதா?" என்று சோஹனி மெதுவாக, வலது பக்கம் நின்று கேட்டாள்.

"கேக்குது."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதோடு விடவில்லை டாக்டர். கண்ணாடி வைத்த அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். கோடு நேராகப் போய்க் கடைசியில் சரிந்திருந்தது.

"இங்க பாருங்க. ரொம்பக் கீச்சுன்னு இருக்கற சத்தங்கள் கொஞ்சம் போயிருக்கு, ரெண்டு காதுலயும். இது ஸ்பீக்கர் பக்கத்துல நின்னதுக்கு. இது திரும்பி வராது. அந்த ரீங்காரமும் இதனாலதான், முழுசா போகாது, பழகிடும். ஆனா மத்ததெல்லாம் நல்லா இருக்கு. இனிமேலாவது காதுல அடைப்பான் மாட்டிக்கிட்டு வேலை செய்ங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. பூண்டைச் சட்னிக்கு மட்டும் வச்சுக்குங்க."

"தொழில் செய்யலாமா?"

"ஏன் செய்யக் கூடாது? ரொம்ப மேல போற சத்தத்துக்கு யாரையாவது கூட வச்சுக்குங்க."

வெளியே படியில் நின்று முதலில் லியாகத்துக்குப் போன் செய்தான். லியாகத் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த டாக்டர் நம்பரை அனுப்பு. நானும் ஒரு தடவை காட்டிடறேன்" என்றான். இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு. "குவாரியில ஜீஜி குரல் நல்லாத்தான் இருந்துது, டீக்கம். ரேடியோ மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அடுத்து ரஜ்னி போஹ்ரா. அதற்குத்தான் துணிச்சல் தேவைப்பட்டது. டவுன் ஹாலில் மைக் கூவியதற்குக் காரணம் தன் காதுதான் என்றும், அடைப்பு எடுத்தாகிவிட்டது என்றும், ஆனாலும் மேல் சத்தம் கொஞ்சம் கேட்காது, அதனால் நாடகத்தன்று லியாகத்தும் கூட உட்காருவான் என்றும் ஒரே மூச்சில் சொன்னான். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"சரி அண்ணா, யார் வேணா உக்காருங்க" என்றாள் ரஜ்னி. "எனக்கு இப்ப அதுவா பிரச்னை? ராஜாவுக்கு ஒட்டு மீசை நிக்கவே மாட்டேங்குது. ராணியைப் பாத்துப் பேசும்போதெல்லாம் உதட்டுல தொங்குது. உங்களுக்கு நல்ல பசை விக்கிற கடை தெரியுமா?"

தெரியும் என்று சொன்னான். கண்டா கர் மணிக்கூண்டுப் பக்கத்தில் ஒரு கடை, பெயரும் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் சோஹனி தணலில் சுட்ட கோதுமை உருண்டையும் பருப்பும் செய்தாள். உருண்டையை உடைத்து நெய்யை ஊற்றி, போதும் போதும் என்கிற வரைக்கும் போட்டாள். சாப்பிட்டு எழுந்து கை கழுவியவன், சும்மா ஒரு நிமிஷம் என்று கட்டிலில் சாய்ந்தான். தெருவில் பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போனான். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மெஷின் கடகடத்தது. இத்தனைக்கும் நடுவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.

மூன்று மணிக்கு லாடு பாய் போன் செய்தார். சோஹனிதான் எடுத்தாள்.

"தூங்கறாரு ஜீஜி" என்றாள். "எழுப்பட்டுமா?"

"வேண்டாம், விடு" என்றார் லாடு பாய். "நீ என்ன சமைச்ச, அதைச் சொல்லு."

சோஹனி மெஷினை நிறுத்திவிட்டு, கட்டிலைத் தாண்டி வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.